நெப்போலியன் எப்படி விழுந்தாருன்னு பாட்காஸ்ட் பண்ணப் போறீங்களா? மார்ஷல் "நெய்"ல வழுக்கி விழுந்தவன் சொல்றேன்

என்னோட முதல் எபிசோட் 1 மணி 40 நிமிஷம். 1769ல கோர்சிகா தீவுல நெப்போலியன் பொறந்ததுல ஆரம்பிச்சு, அவங்க அம்மா, ராணுவப் பள்ளிக்கூடம், பிரெஞ்சுப் புரட்சின்னு ஒண்ணு விடாம சொல்லி முடிச்சப்ப இன்னும் அவர் கல்யாணமே பண்ணல. தலைப்பு என்னமோ "ஒரு பேரரசரின் வீழ்ச்சி". விழறதுக்கு ஆள் முதல்ல ஏறணும் இல்லையான்னு நான் நியாயம் பேசிட்டு இருந்தேன், கேட்டது மொத்தம் 11 பேர், அதுல 4 பேர் சொந்தக்காரங்க. ரெண்டாவது எபிசோட்ல இன்னொரு கூத்து. மிஷேல் நேன்னு ஒரு பெரிய மார்ஷல், "வீரர்களிலேயே பெரிய வீரன்"னு நெப்போலியன் வாயாலயே பேர் வாங்கினவர், அவரை நான் எபிசோட் பூரா "மார்ஷல் நெய்"னே சொல்லியிருக்கேன். கீழ ஒருத்தர் "அண்ணே உருக்கின நெய்யா உருக்காததா"ன்னு கேட்டிருந்தாரு.

அதனால இது நிபுணர் எழுதற வழிகாட்டி இல்ல. வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல மைக் முன்னாடி உக்கார்ற ஒருத்தன், அடுத்து வர்றவங்க அதே குழியில விழ வேணாமேன்னு எழுதறது. நெப்போலியனை வச்சே சொல்றேன், ஏன்னா எனக்குத் தெரிஞ்சது அதுதான், ஆனா வேற எந்த வரலாற்றுக் கதைக்கும் முக்கால்வாசி இதே வழிதான்.

முதல் வேலை: எங்க ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்ணுங்க

மைக் வாங்கறதுக்கு முன்னாடி, பேர் வைக்கறதுக்கு முன்னாடி, லோகோவுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. நீங்க கதையை எந்தத் தேதியில ஆரம்பிக்கறீங்களோ, அந்தத் தேதியே "இவர் இதனாலதான் விழுந்தார்"னு சொல்லிடும். நீங்க வாயைத் திறந்து காரணம் சொல்லவே வேணாம்.

அவர் கடைசியா தோத்த வாட்டர்லூ சண்டையில ஆரம்பிச்சா, 1815 ஜூன் 18ம் தேதிக்கு முந்தின நாள் ராத்திரி மழை பெஞ்சு தரை சேறாச்சு, சண்டை லேட்டா ஆரம்பிச்சது, க்ரூஷின்னு ஒரு மார்ஷல் சுமார் 33,000 பேரைக் கூட்டிட்டுப் போய் வாவ்ர்ங்கற ஊர் பக்கம் மாட்டிக்கிட்டாரு, எதிரிக்குக் கூட்டாளியான பிரஷ்யப் படை சாயங்காலம் வந்து சேர்ந்துடுச்சு, அவ்ளோதான்னு ஆயிடும். அதாவது ஒரு நாள் அதிர்ஷ்டம் சரியில்ல, அந்த மாதிரி. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா என் கணக்குல அது கதையோட கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சுப் படிக்கற மாதிரி. அன்னைக்கே ஜெயிச்சிருந்தாலும் ஆஸ்திரியப் படையும் ரஷ்யப் படையும் பின்னாடியே வந்துட்டுதான் இருந்துச்சு.

1812ல ரஷ்யாவுல ஆரம்பிச்சா பேராசைக் கதை. 1808ல ஸ்பெயின்ல ஆரம்பிச்சா அது மக்கள் கதை. மே 2ம் தேதி மாட்ரிட் தெருவுல ஜனங்க கத்தியும் கல்லும் எடுத்துக்கிட்டு இறங்கினாங்க, அடுத்த மாசம் தன்னோட அண்ணன் ஜோசப்பைத் தூக்கி ஸ்பெயினுக்கு ராஜாவா உக்கார வச்சாரு, அதுக்கப்புறம் ஆறு வருஷம் அந்தப் புண்ணு ஆறவே இல்ல. கெரில்லாங்கற வார்த்தை உலகம் பூரா பரவினதே அந்தச் சண்டையிலதான்.

நான் ரெண்டாவது தடவை, பழசை எல்லாம் அழிச்சுட்டு ஆரம்பிச்சப்ப எடுத்த இடம் 1807 ஜூன், நீமன் ஆத்து நடுவுல ஒரு தெப்பம். அதுல நெப்போலியனும் ரஷ்ய சார் மன்னர் அலெக்சாண்டரும் சந்திச்சுக் கட்டிப்பிடிச்சுக்கறாங்க. டில்சிட் ஒப்பந்தம். நெப்போலியன் உச்சத்துல இருக்கற நேரம் அது. ஆனா அந்த ஒப்பந்தத்துக்குள்ளயே வெடிகுண்டு இருக்கு. இங்கிலாந்தோட யாரும் வியாபாரம் பண்ணக்கூடாதுன்னு 1806 நவம்பர்ல பெர்லின்ல இருந்து ஒரு ஆணை போட்டிருந்தாரு, இப்ப ரஷ்யாவையும் அதுல சேத்துட்டாரு. அந்தத் தடை முழுசா வேலை செய்யணும்னா ஐரோப்பாவோட ஒவ்வொரு துறைமுகத்தையும் அவரே காவல் காக்கணும், போர்ச்சுகல் கேக்கலன்னா அங்க படை, ஸ்பெயின்ல படை, கடைசியில 1810 முடியறப்ப ரஷ்யா நடுநிலைக் கப்பலுக்குத் துறைமுகத்தைத் திறந்து விட்டதும் ரஷ்யாவுக்கே படை. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் வீட்டையே இடிச்சுக்கிட்ட கதை. என் தொடர் பூரா இந்த ஒரே நூல்லதான் கோத்தேன். நீங்க வேற இடத்துல ஆரம்பிக்கலாம், தப்பே இல்ல, ஆனா "ஏன் இங்க"ன்னு யாராவது கேட்டா ரெண்டு வரியில பதில் சொல்லத் தெரியணும். தெரியலன்னா இன்னும் ரெண்டு வாரம் படிங்க.

அப்புறம் ஒண்ணு, "யானைக்கும் அடி சறுக்கும்"னு முதல் வரியிலயே சொல்லத் தோணும். எல்லாருக்கும் தோணும். வேணாம்.

எபிசோடை வெட்டறது

ஒரு எபிசோடுக்கு ஒரு இடம், முடிஞ்சா ஒரே நாள், இல்லன்னா ஒரே கேள்வி. "ரஷ்யப் படையெடுப்பு"ங்கறது எபிசோட் இல்ல, அது பாடப்புத்தகத்துல ஒரு அத்தியாயம். "மாஸ்கோவுல 5 வாரம் ஏன் சும்மா உக்காந்திருந்தாரு" - இதுதான் எபிசோட். 1812 செப்டம்பர் 14 உள்ள நுழையறாரு, ஊர்ல பெரும்பாலான ஜனம் கிளம்பிப் போயாச்சு, அன்னைக்கு ராத்திரியே அங்கங்க தீ, நகரத்துல பெரும்பகுதி எரிஞ்சு போச்சு, அலெக்சாண்டர் கிட்ட இருந்து சமாதானக் கடிதம் வரும் வரும்னு காத்துக்கிட்டே இருக்காரு, வரவே இல்ல, அக்டோபர் 19 கிளம்பறாரு. இந்த ஒரு காத்திருப்பை மட்டும் வச்சு 20 நிமிஷம் ஓட்டலாம். வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் போனவங்க ஃபோனுக்குக் காத்திருக்கற அதே மனசுதான், மாஸ்கோவுல உக்காந்து.

நான் வெட்டினது இப்படி. தெப்பம், ஸ்பெயின், மாஸ்கோ, பெரெசினா ஆறு, டிரெஸ்டன் ரூம், 1813ல தோத்த லைப்சிக் சண்டையில வெடிச்ச பாலம், 1814ல முதல் தடவை முடி துறந்து படைகிட்ட விடை வாங்கின ஃபோன்தேன்ப்ளோ அரண்மனைப் படிக்கட்டு, நாடு கடத்தின எல்பா தீவுல இருந்து திரும்பி வந்தது, வாட்டர்லூ, கடைசியா சிறை வச்ச செயின்ட் ஹெலனா தீவு. பத்து. வாட்டர்லூக்கு ஒண்ணுதான் குடுத்தேன், அதுக்குத் திட்டு வாங்கினேன், பரவால்ல.

எதைப் படிக்கறது, யாரை நம்பறது

இதுதான் கதையோட நிஜமான வேலை. ரெக்கார்டிங் ஒரு மணி நேரம்னா இது இருபது மணி நேரம்.

காசு செலவில்லாமயே நிறைய கிடைக்குது. பிரெஞ்சு தேசிய நூலகத்தோட காலிக்கா தளத்துல அந்தக் காலப் பத்திரிகைகளே ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க. நெப்போலியன் ஃபவுண்டேஷன் தளத்துல இங்கிலீஷ்லயும் கட்டுரைகள் இருக்கு. இன்டர்நெட் ஆர்க்கைவ், குட்டன்பெர்க் ரெண்டுலயும் அந்தக் கால ஆளுங்க எழுதின நினைவுக் குறிப்புகளோட பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கிடைக்கும். பிரெஞ்சு தெரியாதேன்னு பயப்படாதீங்க, மெஷின் மொழிபெயர்ப்புல போட்டுப் பாக்கலாம், ஆனா ஒருத்தர் சொன்ன வசனத்தை அதுல இருந்து அப்படியே எடுத்து மேற்கோளா படிக்காதீங்க, சாரத்தை மட்டும் உங்க வார்த்தையில சொல்லுங்க.

இப்ப யாரை நம்பறது. நெப்போலியனே போர்க்களத்துல இருந்து அறிக்கை அனுப்புவாரு, புல்லட்டின்னு பேரு. அவரோட வீரர்கள் கிட்டயே "புல்லட்டின் மாதிரி பொய் சொல்றான்"னு ஒரு சொலவடை இருந்துச்சு, அந்த அளவுக்கு. ஆனா 29வது புல்லட்டின்னு ஒண்ணு இருக்கு, 1812 டிசம்பர் 3 தேதி போட்டது. அதுல முதல் தடவையா படை அழிஞ்சதைக் கிட்டத்தட்ட ஒத்துக்கறாரு, குதிரை செத்தது, பீரங்கியை விட்டுட்டு வந்தது எல்லாம் வருது, பழி மட்டும் குளிர் மேல. கடைசி வரி என்ன தெரியுமா, மாமன்னரோட உடல்நலம் இதைவிட நல்லா இருந்ததே இல்லன்னு. புள்ளையப் பறிகுடுத்த பாரிஸ் குடும்பங்க அந்த வரியை எப்படிப் படிச்சிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. அந்த வரி ஏன் வந்துச்சுன்னு தேடிப் போனாதான் உங்களுக்கு அடுத்த கதை கிடைக்கும்: அக்டோபர் 23ம் தேதி பாரிஸ்ல மாலேன்னு ஒரு ஜெனரல் "பேரரசர் ரஷ்யாவுல செத்துட்டாரு"ன்னு போலிக் காகிதத்தைக் காட்டி ஆட்சியைப் பிடிக்கப் பாத்தாரு, சில மணி நேரத்துக்கு வேலையும் செஞ்சுது. அவரைச் சுட்டுக் கொன்னாங்க. ஆனா நெப்போலியனை உறுத்தினது வேற, "நான் செத்துட்டேன்னு கேட்டதும் ஒருத்தனுக்குக்கூட என் மகன் இருக்கான், அவன்தான் அடுத்த ராஜான்னு தோணலையே"ன்னு. அதனாலதான் டிசம்பர் 5 படையை அப்படியே விட்டுட்டு, கொலேன்கூர்னு ஒருத்தரைக் கூட்டிட்டு சறுக்கு வண்டியில பாரிசுக்கு ஓடி வந்தாரு. பொய் சொல்ற ஆவணம்கூட இப்படி உபயோகப்படும், "இதை ஏன் சொன்னாரு"ன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருங்க.

அதே மாதிரி டிரெஸ்டன். 1813 ஜூன் 26, நெப்போலியனும் ஆஸ்திரியாவோட வெளியுறவு அமைச்சர் மெட்டர்னிக்கும் பல மணி நேரம் தனியா பேசறாங்க, தொப்பி தரையில விழுது, யாரும் எடுக்கல, அப்படி ஒரு காட்சி. சினிமா மாதிரி இருக்கும். ஆனா ரூம்ல இருந்தது ரெண்டே பேர், நமக்குத் தெரிஞ்ச அந்த விறுவிறுப்பான வடிவம் பெரும்பாலும் மெட்டர்னிக் பின்னாடி தனக்குப் பெருமை சேர்ற மாதிரி எழுதினது. காட்சியை விட்டுடாதீங்க, சொல்லுங்க, "இதைச் சொல்றது மெட்டர்னிக்"னு ஒரு வரி சேத்துச் சொல்லுங்க. அவ்ளோதான் நேர்மை. செயின்ட் ஹெலனாவுல நெப்போலியன் பேசப் பேச கூட இருந்த லாஸ் காஸ்ங்கறவர் எழுதி 1823ல வெளிவந்த குறிப்புகளும் அப்படித்தான், தோத்தவர் தன் கதையைத் தானே திருத்தி எழுதின இடம் அது. சமாதானத்தை விரும்பினவன், மக்களோட ஆளு, இங்கிலாந்துதான் விடலன்னு. அதை ஆதாரமா எடுக்கறதைவிட ஒரு தனி எபிசோடா எடுக்கறது மேல்.

நம்பர் விஷயம்

ரஷ்யாவுக்கு எத்தனை பேர் போனாங்கன்னு தேடினா ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நம்பர் வரும், தலை சுத்தும். சில பேர் முதல்ல நீமன் ஆத்தைக் கடந்தவங்களை மட்டும் எண்ணுவாங்க, சில பேர் பின்னாடி போன படையையும் சேத்து 6 லட்சத்தைத் தாண்டிப் போவாங்க. மினார்னு ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் 1869ல வரைஞ்ச புகழ்பெற்ற படம் ஒண்ணு இருக்கு, ஒரு பட்டையா போட்டிருப்பாரு, போகப் போக மெலிஞ்சுக்கிட்டே வரும். அதுல கணக்கு 4,22,000 பேர்ல ஆரம்பிச்சு, மாஸ்கோவுல 1 லட்சம், திரும்பி வர்றப்ப 10,000. நீங்க ஏதாவது ஒரு கணக்கைப் பிடிச்சுக்கிட்டு "இது மினார் கணக்கு"ன்னு சொல்லிட்டு தொடர் பூரா அதுலயே நில்லுங்க. எபிசோடுக்கு ஒரு நம்பர் மாத்தினா கேக்கறவங்க கரெக்டா பிடிச்சுடுவாங்க.

அந்தப் படத்தை உத்துப் பாத்தா இன்னொண்ணு தெரியும், பட்டை ரொம்ப மெலியறது திரும்பி வர்றப்ப இல்ல, போறப்பவே. கோடைக்காலத்துல. வழியில காவலுக்கு நிறுத்தின படையும் அதுல அடக்கம்தான், ஆனாலும் வெயில், கெட்ட தண்ணி, குதிரைக்குத் தீனி இல்லாதது, டைஃபஸ் காய்ச்சல் இதெல்லாம் பனி விழறதுக்கு முன்னாடியே படையைத் தின்னுடுச்சு. 2001ல லிதுவேனியாவுல வில்னியஸ் நகரத்துல கட்டட வேலைக்குத் தோண்டினப்ப அந்தப் படை வீரர்களோட எலும்புகள் ஆயிரக்கணக்குல கிடைச்சுது, அதை ஆராய்ச்சி பண்ணினப்ப பேன் மூலமா பரவற நோய்க்கிருமிகளோட தடயம் இருந்துச்சு. "ரஷ்யக் குளிர்தான் தோக்கடிச்சுது"ன்னு யாராவது கமென்ட் போட்டா, போடுவாங்க, இதைச் சொல்லுங்க.

வேற என்ன வரும்னா, நெப்போலியன் குள்ளம்னு வரும். அவர் உயரம் கிட்டத்தட்ட 168, 170 சென்டிமீட்டர், அந்தக் காலத்து பிரெஞ்சு ஆளுக்கு அது சராசரியோ கொஞ்சம் மேலயோதான், பிரெஞ்சு அங்குலம் பெருசுங்கறதும் இங்கிலாந்து கார்ட்டூன்காரங்க விளையாட்டும் சேந்து வந்த வினை அது. குளிர்ல வெள்ளீயப் பட்டன் பொடிஞ்சு கோட்டு கழண்டு விழுந்ததாலதான் தோத்தாங்கன்னு ஒண்ணு வரும், அதுக்கு ஆதாரம் கிடையாது. எல்பாவுல இருந்து வர்றப்ப பாரிஸ் பத்திரிகை முதல்ல "அரக்கன் தப்பினான்"னு ஆரம்பிச்சு நாளுக்கு நாள் மரியாதை கூட்டி "மாமன்னர் வந்து சேர்ந்தார்"னு முடிச்சுதுன்னு ஒரு ஜோக் சுத்தும், அது பின்னாடி யாரோ கட்டின கதை. ஆனா அருமையான கதை, நானே முதல்ல நம்பிச் சொல்லிட்டு அப்புறம் அடுத்த எபிசோட்ல வாபஸ் வாங்கினேன்.

எழுதறது: வாய்க்கு எழுதுங்க

ஸ்கிரிப்ட் இல்லாம பேசலாம்னு தோணும், நாம என்ன பேசத் தெரியாதவங்களா. தேதி வர்ற கதையில அது நடக்காது. முழுசா எழுதுங்க, ஆனா பேசற தமிழ்லயே எழுதுங்க. "நெப்போலியன் படையினருடன் பின்வாங்கலானார்"னு எழுதி வச்சா மைக் முன்னாடி செய்தி வாசிப்பாளர் ஆயிடுவீங்க. எழுதினதை பக்கத்துல யார் கிட்டயாவது சொல்லிப் பாருங்க, எங்க மூச்சு முட்டுதோ அங்க வெட்டுங்க. எனக்கு நிமிஷத்துக்கு சுமார் 100 வார்த்தை வருது, 20 நிமிஷம்னா 2000 வார்த்தை. நீங்க ஒரு பக்கம் படிச்சு டைம் பண்ணிப் பாத்துக்கோங்க.

பேர் விஷயத்துல என்னை மாதிரி அசிங்கப்படாதீங்க. எபிசோட்ல வர்ற எல்லாப் பேரையும் ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி மைக் பக்கத்துல ஒட்டிக்கோங்க. நே. க்ரூஷி. தலேய்ரான். ஃபூஷே. ப்ளூஷர். அந்த மொழிக்காரங்களே உச்சரிக்கறதைக் கேக்கற தளங்க இருக்கு, ஃபோர்வோ மாதிரி, அதுல ரெண்டு தடவை கேட்டா போதும். அதேசமயம் ஒரு எபிசோடுக்கு அஞ்சு பேருக்கு மேல வேணாம், காதால கேக்கறவங்களால அதுக்கு மேல ஞாபகம் வச்சுக்க முடியாது. நெப்போலியனுக்கு 26 மார்ஷல்கள், அதுல ஆறு பேர் பேர் ஒரே மாதிரி காதுல விழும். பேருக்குப் பதிலா "அந்த சிவப்பு முடி மார்ஷல்"னு சொன்னா நே மனசுல நிப்பாரு.

ரெண்டு பேரா பண்றீங்கன்னா வில்லுப்பாட்டை நினைச்சுக்கோங்க. பக்கத்துல "ஆமா" போடறவர் இருக்காரே, அவர் சும்மா ஆமா போடறதில்ல, நமக்குப் புரியாத இடத்துல "அதெப்படிண்ணே"ன்னு கேட்டு நிறுத்துவாரு. உங்க கூடப் பேசறவருக்கு அந்த வேலை. அவருக்கு ஸ்கிரிப்டே காட்டாதீங்க. என் தங்கச்சி கூட உக்காந்தப்பதான் "தெப்பத்துல ஏன் சந்திக்கணும், கரையில இடமில்லையா"ன்னு கேட்டா, அதுவரைக்கும் நான் அதை விளக்கவே இல்ல. ஆறுதான் ரெண்டு பேர் படைக்கும் நடுவுல இருந்த எல்லை, ஒருத்தர் கரைக்கு இன்னொருத்தர் போனா மரியாதைக் குறைச்சல்!

ஒரு எபிசோடை எப்படிக் கட்டறதுன்னு பெரெசினாவை வச்சு சொல்றேன்

1812 நவம்பர் கடைசி. பின்வாங்கற படைக்கு முன்னாடி பெரெசினா ஆறு, பாலம் எதிரி கையில போயாச்சு, பின்னாடி ரஷ்யப் படை, பக்கவாட்டுல இன்னொரு ரஷ்யப் படை. கேக்கறவங்க என்ன நினைப்பாங்க, பனி, குளிர், ஆறு உறைஞ்சிருக்கும்னு. இல்ல. திடீர்னு குளிர் கொஞ்சம் விட்டுப்போயி ஐஸ் உருகிடுச்சு. குளிர் இன்னும் ஜாஸ்தியா இருந்திருந்தா ஆத்து மேலயே நடந்து போயிருப்பாங்க. இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க, இதுதான் உங்க எபிசோடோட கொக்கி.

அப்புறம் எப்ளேன்னு ஒரு வயசான ஜெனரல். கொஞ்ச நாள் முன்னாடி ஓர்ஷாங்கற ஊர்ல, பாலம் கட்டற சாமான் வண்டிகளை எல்லாம் எரிச்சுடுங்கன்னு நெப்போலியனே உத்தரவு போட்டிருந்தாரு, குதிரை வேணுமேன்னு. எப்ளே மனசு கேக்காம கொல்லுப்பட்டறை வண்டி ரெண்டும், கொஞ்சம் கரியும், கருவிகளும் ஒதுக்கி வச்சுக்கிட்டாரு. அதுதான் இப்ப உயிர். ஸ்டுடியன்காங்கற கிராமத்துல வீடுகளைப் பிரிச்சு மரம் எடுத்து, சுமார் 400 பேர், அதுல நிறைய டச்சுக்காரங்க, நெஞ்சளவு ஐஸ் தண்ணியில நின்னு ரெண்டு பாலம் கட்டினாங்க. உடைஞ்சப்ப எல்லாம் திரும்ப இறங்கினாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க பொழைக்கல. எப்ளேவும் அந்த வருஷக் கடைசியில செத்துப் போயிட்டாரு.

நவம்பர் 28 ராத்திரி பாலம் காலியாவே கிடந்துச்சு. படைக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்த ஆயிரக்கணக்கான ஜனம், காயம்பட்டவங்க, பொம்பளைங்க, கொழந்தைங்க, நெருப்பு மூட்டி அதைச் சுத்திப் படுத்துட்டாங்க, காலையில போயிக்கலாம்னு. அதிகாரிங்க கெஞ்சியும் எந்திரிக்கல. 29 காலையில பாலத்தைக் கொளுத்தியாகணும், எப்ளே முடிஞ்ச வரைக்கும் தள்ளித் தள்ளிப் போட்டாரு. அப்புறம் கொளுத்தினாங்க. அப்பதான் எல்லாரும் எந்திரிச்சு ஓடி வந்தாங்க.

இந்த இடத்துல நான் முதல் தடவை பீரங்கிச் சத்தம், குதிரை கனைக்கறது, பொம்பளை அழற சத்தம் எல்லாம் போட்டு, பின்னாடி வயலின் வேற. கேட்டா டிவி சீரியல் மாதிரி இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் குரல் மட்டும் விட்டேன். இன்னைக்கும் பிரெஞ்சுல படுதோல்வின்னா "பெரெசினா"ன்னுதான் சொல்வாங்க, அதை மட்டும் சொல்லி முடிச்சேன். படை தப்பிச்சுதே, ஒரு வகையில அது வெற்றிதானேன்னு வாதம் பண்ற ஆளுங்களும் உண்டு, அதையும் ஒரு வரி சொல்லிடுங்க.

ரெக்கார்டிங்

மைக் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. காலர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்குது, ஆரம்பத்துக்கு அது போதும், பத்து எபிசோட் தாண்டினா யூஎஸ்பி மைக் பாத்துக்கலாம். மைக்கைவிட ரூம் முக்கியம். வெறும் சுவர், டைல்ஸ் தரைன்னா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி எதிரொலிக்கும். துணி பீரோவைத் திறந்து வச்சு அது முன்னாடி உக்காருங்க, பின்னாடி மெத்தையைச் சாய்ச்சு வைங்க, அதுக்கு மேல ஸ்டுடியோ வேணாம். ஃபேனை நிறுத்துங்க. வேர்க்கும், வேற வழியில்ல, ரஷ்யக் குளிரைப் பத்தி பனியன் நனைய நனைய பேசற சுகம் நமக்கு மட்டும்தான் கிடைக்கும். ஃபோனை ஏரோப்ளேன் மோடுல போடுங்க, ஃப்ரிட்ஜ் பக்கத்து ரூம்ல இருந்தாலும் அதோட ரீங்காரம் வரும். குக்கர் எத்தனை விசில்னு வீட்டுல கேட்டுட்டு உக்காருங்க, என்னோட லைப்சிக் எபிசோட்ல பாலம் வெடிக்கற இடத்துல மூணாவது விசில் வந்துச்சு.

மைக்ல இருந்து வாய் ஒரு ஜாண் தள்ளி, நேரா இல்லாம கொஞ்சம் சாய்வா. நேரா பேசினா "ப" எல்லாம் காத்தா வெடிக்கும், நெப்போலியன், பாரிஸ், பிரஷ்யா, போலந்துன்னு இந்தக் கதை பூரா "ப"தான். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 10 செகண்ட் பேசாம ரூமோட அமைதியை மட்டும் ரெக்கார்ட் பண்ணுங்க, எடிட்டிங்ல இரைச்சல் எடுக்கவும் ஒட்டுப் போடவும் அது வேணும். தப்பா பேசினா நிறுத்தாதீங்க, ஒரு தடவை கை தட்டிட்டு அந்த வரியை மறுபடி சொல்லுங்க, அலைவடிவத்துல கை தட்டின இடம் ஊசி மாதிரி நிக்கும், வெட்டறது சுலபம்.

எடிட்டிங், இசை, ஏத்தறது

ஆடாசிட்டி இலவசம், போதும். தப்பான இடங்களை வெட்டுங்க, இரைச்சலைக் கொஞ்சமா குறைங்க (ரொம்பக் குறைச்சா தண்ணிக்குள்ள பேசற மாதிரி ஆயிடும்), சத்த அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்னு (சத்தத்தை அளக்கற அலகு அது) சமப்படுத்துங்க, எம்பி3ல மோனோவா எடுங்க. மூச்சை எல்லாம் வெட்டாதீங்க, மனுஷன் பேசற மாதிரியே இருக்காது.

இசைக்கு எல்லாரும் ஓடற இடம் சைகோவ்ஸ்கியோட 1812 ஓவர்ச்சர். அவர் அதை 1880ல எழுதினாரு, ராகத்துக்கு உரிமை எல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு. ஆனா நீங்க டவுன்லோட் பண்ணின ரெக்கார்டிங்கை வாசிச்ச குழுவுக்கு உரிமை தனியா இருக்கும், நம்ம நாட்டுச் சட்டத்துலயே ஒலிப்பதிவுக்கு 60 வருஷம். அதனால பொதுவெளிக்குன்னே விட்டிருக்கற ரெக்கார்டிங்கா பாத்து எடுங்க, இல்லன்னா தெரிஞ்சவங்க யாரையாவது கீபோர்டுல நாலு சுரம் வாசிக்கச் சொல்லுங்க.

அட்டைப் படத்துக்கு வெள்ளைக் குதிரை மேல கையைத் தூக்கிட்டு இருக்கற அந்தப் படத்தைப் போடாதீங்க, உலகத்துல பாதி பேர் அதைத்தான் போட்டிருக்காங்க, அதுவும் அது அவர் ஏறுமுகத்துல இருந்தப்ப வரைஞ்சது. டெலரோஷ்னு ஒரு ஓவியர் 1840ல வரைஞ்ச படம் இருக்கு, 1814 மார்ச் 31, பாரிஸ் விழுந்த சேதி கேட்டு ஃபோன்தேன்ப்ளோ அரண்மனையில நாற்காலியில சரிஞ்சு உக்காந்திருக்காரு, பூட்ஸ் பூரா சேறு. வீழ்ச்சின்னா அதுதான் முகம். ஓவியர் செத்து நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, பிரச்னை இல்ல. சதுரமா 3000க்கு 3000 பிக்சல் வைங்க.

அப்புறம் ஹோஸ்டிங்னு, ஃபைலை இணையத்துல வச்சுக்கற சேவை ஒண்ணுல ஏத்தணும், இலவசமாவே இருக்கு, ஸ்பாட்டிஃபையோட சேவையே இருக்கு, அங்க இருந்து ஆர்எஸ்எஸ் ஃபீட்னு ஒரு இணைய முகவரி வரும், அதை மத்த ஆப்ல எல்லாம் ஒரு தடவை குடுத்துட்டா போதும். முதல் நாளே மூணு எபிசோட் சேத்து விடுங்க. ஒண்ணு மட்டும் இருந்தா நாளைக்குக் கேக்கலாம்னு போயிடுவாங்க. தப்பு சொல்லி யாராவது எழுதினா, உண்மையிலேயே தப்புன்னா, அடுத்த எபிசோட் ஆரம்பத்துலயே ஒத்துக்கோங்க. நான் நெய்யை அப்படித்தான் இறக்கினேன்.

நம்ம ஊரைக் கொண்டு வரணுமா

இழுத்து வச்சு ஒட்டாதீங்க. ஆனா நிஜமாவே ஒட்டற இடம் இருக்கு. வாட்டர்லூல ஜெயிச்ச வெலிங்டன் யாரு, ஆர்தர் வெல்லஸ்லி, 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவுக்கு எதிரா நின்னவரு, சென்னைக் கோட்டையில இருந்தவரு. நெப்போலியனைச் சிறை வச்ச செயின்ட் ஹெலனா தீவு அப்ப யார் கையில இருந்துச்சு, கிழக்கிந்தியக் கம்பெனி கையில. வெல்லஸ்லி 1805ல இந்தியாவுல இருந்து ஊருக்குத் திரும்பறப்ப வழியில அந்தத் தீவுல பிரையர்ஸ்ங்கற வீட்டுல தங்கினாரு. பத்து வருஷம் கழிச்சு நெப்போலியன் அங்க வந்து இறங்கினப்ப அவருக்குன்னு ஒதுக்கின லாங்வுட் வீடு தயாராகல, முதல்ல தங்க வச்சது அதே பிரையர்ஸ்லதான். பாண்டிச்சேரியை இங்கிலீஷ்காரங்க பிரான்சுக்குத் திருப்பிக் குடுத்ததும் 1816ல, இவர் விழுந்தப்புறம் போட்ட ஒப்பந்தங்களாலதான். இதுக்கு மேல வேணாம்.

கடைசி எபிசோட்

எங்க முடிக்கறதுங்கறதுல நான் ரொம்ப முழிச்சேன். 1815 ஜூன் 22 ரெண்டாவது தடவை முடி துறந்தது ஒரு முடிவு. ஜூலை 15 இங்கிலீஷ் கப்பல் பெல்லரோஃபன்ல ஏறி சரணடைஞ்சது இன்னொண்ணு. 1840ல உடம்பைத் தோண்டி எடுத்து பாரிசுக்குக் கொண்டு வந்து லட்சக்கணக்கான ஜனம் பனியில நின்னு பாத்ததுல முடிச்சா அது வீழ்ச்சிக் கதையாவே இருக்காது, திரும்பி வந்த கதை ஆயிடும், அதனால அதை ஒதுக்கிட்டேன். ஆர்சனிக் வச்சுக் கொன்னாங்கங்கற பேச்சுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல குடுக்காதீங்க, பிரேதப் பரிசோதனையில வயித்துல பெரிய கோளாறு இருந்ததுன்னு பதிவாகியிருக்கு, புற்றுநோய்ங்கறதுதான் இன்னைக்கும் பெரும்பாலானவங்க ஏத்துக்கறது.

நான் முடிச்சது கல்லறைக் கல்லுல. 1821 மே 5 சாகறாரு. கல்லுல "நெப்போலியன்"னு மட்டும் பொறிக்கணும்னு கூட இருந்த பிரெஞ்சுக்காரங்க கேட்டாங்க, ராஜாக்களுக்கு ஒத்தைப் பேர்தானே. தீவோட கவர்னர் ஹட்சன் லோ, "போனபார்ட்"னும் சேக்கணும்னு நின்னாரு, அதாவது சாதாரண ஜெனரல் மாதிரி. ரெண்டு பக்கமும் விட்டுக் குடுக்கல. கடைசியில ஒரு எழுத்துகூட இல்லாம வெறும் கல்லை மூடிட்டாங்க.

இதைச் சொன்னதும் பேச்சை நிறுத்திடுங்க. நன்றி, சப்ஸ்கிரைப் பண்ணுங்க எல்லாம் இந்த ஒரு எபிசோட்ல மட்டும் ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. அந்த வரிக்கு அப்புறம், முதல்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தீங்களே ரூமோட அமைதி, அதுல ஒரு அஞ்சு செகண்ட் போட்டு ஃபைலை மூடுங்க.